சங்கு ஊதினால் தொட்டிக்கு வா

1

லோகாண்ணே! லோகநாதா!

எங்கிருந்து கூப்பிட்டாலும் "என்னாடா?" என்று ஒரு சத்தம் வரும். இப்போது கூப்பிட்டால், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் இடித்து என் குரல்தான் எனக்கே திரும்பி வருகிறது. நீ போய் இன்றோடு ஒரு வருஷம்.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு: என் பெயர் தினேஸ். ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாய் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், இடைநிலைப்பள்ளியில் இரண்டு வருஷம், அதோடு என் படிப்பு முடிந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லோகநாதன் என் அண்ணன், என்னைவிட ஐந்து வயது மூத்தவன். ஜெர்மனியில், ரைன் ஆறு மலைகளைப் பிளந்துகொண்டு ஓடுகிற பள்ளத்தில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தில் இரண்டு பேரும் சமையல் வேலை செய்தோம். இப்போது நான் மட்டும் செய்கிறேன்.

அண்ணன் வெள்ளத்தில் செத்தான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றி அம்மாவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். ஒரு வருஷம் அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சோறு விழுங்கினேன். இன்றைக்குத்தான் அது வெளியே வந்தது.

2

மூன்று நாளைக்கு முன்னால் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். அங்கே சாயங்காலம், எனக்கு மத்தியானம். அம்மா பசாரிலிருந்து வந்து வாழையிலையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தினேஸு, சனிக்கெழம அண்ணனுக்குப் படைக்கணும். அவன் கடைசியா என்னா சாப்ட்டான்னு சொல்லு."

எங்கள் வீட்டு வழக்கம் இது. வருஷத் திதிக்குச் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படம் முன்னால் வைப்போம். அதில் ஒன்று அவர் கடைசியாகச் சாப்பிட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசியாகக் கேட்டதாக இருக்க வேண்டும். அது இல்லாத படையல் படையல் இல்லை என்பார் அம்மா.

"அதான் கருமாதிக்கே சொன்னேன்லம்மா. கோழி பெரட்டல்."

"கோழிதான் வெச்சேன். அவன் கனவுல வந்து தட்டத் தள்ளி வுடுறான்டா. ஒரு தடவ இல்ல. நெசமா கோழிதான் தின்னானா?"

"ஆமாம்மா."

"ஒழுங்கா நெனச்சுப் பாரு. சனிக்கெழம கூப்பிடுறேன்."



3

இந்த ஊரைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் அனுப்பிய படங்கள்தான். மலை உச்சியில் கோட்டை, செங்குத்தாகத் திராட்சைத் தோட்டம், கீழே ஆறு, வெள்ளைக் கப்பல். "சாமி படத்துல வர்ற மாரி இருக்குடா" என்பார்.

படத்தில் சத்தம் வராது. இந்தப் பள்ளத்தில் ஆற்றுக்கு இரண்டு கரையிலும் தண்டவாளம். சரக்கு ரயில் போகும்போது அலமாரியில் கிளாஸ்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரு ரயில் போய் முடிந்ததும் எதிர்க்கரையில் இன்னொன்று வரும். மலை அந்தச் சத்தத்தை விடாது, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே பந்தடிக்கும். பாறை உருண்டு வீட்டின்மேல் விழக்கூடாது என்று மலை முழுக்க இரும்பு வலை போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். கடிக்கிற நாய்க்கு வாய்க்கூடு போட்டது போல இருக்கும். குளிர்காலத்தில் சூரியன் மலைக்குப் பின்னாலேயே போய்விடும், வாரக்கணக்கில் ஊருக்குள் வெயில் இறங்காது. பாலம் கிடையாது. படகுதான். ஆறு ஏறினால் படகும் நிற்கும்.

தேவாலயச் சுவரில் பழைய வெள்ளங்களின் உயரத்தைக் கோடு கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று என் தலைக்கு மேல் இருக்கிறது. வந்த புதிதில் அண்ணன் அதன் கீழே போய் நின்று, கையை மூக்கில் வைத்துக்கொண்டு மூழ்குகிற மாதிரி நடித்தான். நான்தான் படம் எடுத்தேன். அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை, திறந்தும் பார்க்கவில்லை.

ஆனால் அவனைக் கொன்றது ரைன் ஆறு இல்லை. ஊர் நடுவே தெருவுக்கு அடியில், கல்லால் மூடிய வாய்க்காலில் ஒரு ஓடை போகிறது. மலை மேலிருந்து வந்து ஆற்றில் விழுகிற ஓடை. சாதாரண நாளில் கணுக்கால் நனையாது. அதற்குப் பெயர்கூட நான் கேட்டதில்லை.

4

நாங்கள் பிறந்த தோட்டமும் மலைக்குக் கீழேதான் இருந்தது. சுண்ணாம்பு மலை. ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டி நிலத்தை விற்ற பிறகு, பக்கத்து மலையைக் குவாரிக்காரர்கள் எடுத்தார்கள். போக இடமில்லாத ஏழெட்டுக் குடும்பம் பழைய லயத்து வீடுகளிலேயே இருந்தோம். தினமும் மத்தியானம் மலைக்கு வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் சைரன் ஊதும். நாங்கள் அதைச் சங்கு என்போம். சங்கு ஊதி முடிவதற்குள் எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும். வெடித்தால் தரை ஒரு தடவை எகிறும். சில நாள் கல் பறந்து வந்து தகரக் கூரையைக் கிழிக்கும். ஒரு தடவை முன்வீட்டு ஆட்டின் இடுப்பில் விழுந்தது. ஆடு சாகாமல் முன்னங்காலால் மட்டும் நடந்து போனது. அண்ணன்தான் மண்வெட்டியால் அதை முடித்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அழுதுகொண்டே அடித்தான்.

அன்றைக்கு அவன் எனக்கு ஒரு சட்டம் போட்டான். பழைய பால் ஸ்டோரில், ரப்பர் பாலை ஊற்றி வைக்கிற சிமெண்டுத் தொட்டி ஒன்று தரைக்குள் பாதி இறங்கியிருந்தது. காலித் தொட்டி.

"சங்கு ஊதுனா தொட்டிக்கு வா. நீ எங்க இருந்தாலும் சரி, நான் எங்க இருந்தாலும் சரி. நான் அங்க வந்து ஒன்னப் பாப்பேன். வேற எங்கயும் ஓடாத. வெளங்குதா?"

"வெளங்குது."

"வெளங்குதுன்னு சொல்லிட்டு மாமரத்துல ஏறுன, கால ஒடப்பேன்."

தொட்டிக்குள் அவன் என் காதைத் தன் கைகளால் அழுத்திப் பொத்திக்கொண்டு நூறு எண்ணுவான். வெடி வெடித்த பிறகும் நூறு முடியும் வரைக்கும் விட மாட்டான். சம்சு குடித்துவிட்டு அப்பா லாரி பெல்ட்டை எடுக்கிற நாட்களிலும் அதே தொட்டிதான். அப்போது மட்டும் என்னை உள்ளே தள்ளிவிட்டு அவன் வெளியே நிற்பான். பெல்ட் விழுகிற சத்தத்தை நான் எண்ணுவேன்.

அப்பா ஈரல் கெட்டுச் செத்தார். அண்ணன் ஈப்போவில் ஒரு மாமாக் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போடக் கற்று, கைத்தொழிலாலேயே ஜெர்மனிக்கு வந்தான். நான் ஊரில் கெட்டுப்போனேன். பதினேழு வயதில் ஒரு கும்பலோடு சேர்ந்து பாராங் கத்தி தூக்கினேன். என் தோள்பட்டையில் இருக்கிற வெட்டு பீடோரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் வாங்கியது. நான் கொடுத்த வெட்டும் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை. அண்ணன் லீவில் வந்து என் காயத்தைப் பார்த்துவிட்டு, என்னைக் கூட்டிப்போய் ரொட்டி மாவு முன்னால் நிறுத்தினான். நான் வேலை கற்று, காகிதங்கள் வந்து, விமானம் ஏற இரண்டு வருஷம் ஆனது.

5

முதலாளி ராணி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் இங்கே வந்து, தெருவோரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கி, கீழே சாப்பாட்டுக் கடையும் மேலே தங்கும் அறைகளும் வைத்திருக்கிறார். சமையலறையிலிருந்து கல் படி இறங்கினால் நிலவறை. உருளைக்கிழங்கும் வைன் போத்தலும் அங்கேதான். கையை நீட்டினால் கூரை தொடும். இறங்கின முதல் நாளே எனக்குத் தொட்டி ஞாபகம் வந்தது.

நான் வந்த இரண்டாம் வாரம். சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி. ரொட்டியை விசிறிக்கொண்டிருந்தேன். ஊர் மேலே சங்கு ஊதியது. அதே சத்தம். கை மாவை விட்டது, கால் தானாக நிலவறைப் படியில் இறங்கியது. பின்னால் யாரோ என் முதுகில் மோதினார்கள். அண்ணன். இரண்டு பேரும் உருளைக்கிழங்கு மூட்டைமேல் விழுந்தோம். அவன் கை என் காதைப் பொத்தியிருந்தது.

ராணி அக்கா படியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னடா ரெண்டு பேரும் பங்கருக்கையோ ஓடுறியள்? இது மாசா மாசம் சும்மா ஊதிப் பாக்கிறவங்கள். வெளியில வாங்கோ."

"அலாமா, அக்கா, மானம் போச்சு" என்றான் அண்ணன்.

"ஒரு மானமும் போகேல்லை. நானும் வந்த புதுசில மேசைக்குக் கீழ இருந்தனான்" என்றார் அக்கா. சிரிப்பை நிறுத்திவிட்டுத்தான் சொன்னார்.

அதன் பிறகு மாதா மாதம் சங்கு ஊதும்போது அண்ணன் அடுப்பிலிருந்தே "தொட்டி!" என்று கத்துவான். நான் நிலவறைப் படியில் ஒரு காலை வைத்துக் காட்டுவேன். அவன் "சரி, உயிரோட இருக்க" என்பான். இது எங்கள் விளையாட்டு. உண்மையாக ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. தெரிந்ததாகத்தான் நினைத்தோம்.

6

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அடையாள அட்டையில் லோகநாதன் என்று போட்டு, இன்னாரின் மகன் என்று அப்பா பெயர் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே அலுவலகத்தில் அது செல்லாது. கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மா அரை மணி நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் இருந்த பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து வருகிற கடிதமெல்லாம் சுப்பிரமணியம் என்றுதான் வரும். "ஹெர் சுப்பிரமணியம்", அதாவது திருவாளர் அப்பா. அவருக்குப் பயந்து தொட்டிக்குள் ஒளிந்தோம், கடல் தாண்டி வந்தோம், தபால்காரர் வாரா வாரம் அவரைக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். அண்ணன் அந்தக் கடிதங்களை விரல் நுனியால்தான் தூக்குவான்.

அப்படி வந்த கடிதம் ஒன்றை நான் ஒளித்து வைத்தேன். மொழி வகுப்புக்கு நான் இரண்டு மாதமாகப் போகவில்லை, இப்படியே போனால் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது என்று எழுதியிருந்தது. போகாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் எல்லாம் அவர்கள் நாட்டில் டாக்டர், டீச்சர். நான் எழுந்து பேசினால் ஆசிரியை என் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதித் திருத்துவார். சிரிக்க மாட்டார்கள், அதுதான் இன்னும் மோசம். வகுப்பு நேரத்தில் நான் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கப்பலைப் பார்த்துக் கல் எறிவேன்.

கடிதத்தை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருந்தேன்.

7

வெள்ளம் வந்த அன்றைக்கு, இரண்டு நாளாக மழை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். ராணி அக்கா சாமான் வாங்க அக்கரை போயிருந்தார். சமையல்காரர்கள் சாப்பிடுகிற நேரம். அண்ணன் எங்கள் இரண்டு பேருக்கும் நெத்திலி சம்பல் கிளறி, இரண்டு தட்டில் சோறு போட்டு மேசையில் வைத்தான். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள், ராத்திரிக்கு அரிசி எடுக்க அவன் டிரம்மை இழுத்துவிட்டான்.

"இது என்னாடா?"

"கடுதாசி."

"கடுதாசின்னு தெரியுது லா. ரெண்டு மாசமா வகுப்புக்குப் போவலையா நீ? தெனமும் பைய மாட்டிக்கிட்டு எங்க போன?"

"போனா என்னா, போவாட்டி என்னா? எனக்கு மண்டையில ஏறல. நான் ஊருக்கே போறேன்."

"ஊருக்குப் போயி? மறுபடியும் பாராங் தூக்கப் போறியா? ஒன்ன பொணமா வாங்க அம்மா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணுமா?"

"யாரு ஒன்னக் கூட்டியாரச் சொன்னா? பெரிய மனுசன் மாரி பேசாத."

அறைந்தான். என் வாழ்க்கையில் அண்ணன் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். காது அடைத்தது. எனக்கு வலிக்கவில்லை. எதைச் சொன்னால் அவனுக்கு வலிக்கும் என்று மட்டும் தெரிந்தது.

"வந்துட்டாரு பாருடா ஹெர் சுப்பிரமணியம்!" என்றேன். "பெல்ட்டு எங்க? எடுத்துட்டு வா."

அண்ணன் கை இரண்டும் கீழே இறங்கிவிட்டன. முகம் செத்துப்போனது. அடித்த கையைப் பார்த்தான். அவன் அப்படிக் கையைத் தொங்கப் போட்டு நிற்கும்போதுதான் நான் குத்தினேன். எழுதிவிட்டேன். கை தொங்கிக்கொண்டிருந்தவன் வாயில் என் முழுப் பலத்தோடு குத்தினேன். உதடு கிழிந்து பல் வெளியே தெரிந்தது. அவன் மேசையில் சாய்ந்ததில் இரண்டு தட்டும் கீழே போயின. வெள்ளைச் சட்டையில் ரத்தம், தரையில் சோறும் நெத்திலியும்.

"நான் போறேன். என்னத் தேடாத. செத்தாலும் தேடாத."

அவன் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டே குனிந்து ஒரு தட்டை எடுத்தான். "சோறாச்சும் தின்னுட்டுப் போடா" என்றான்.

நான் பின்கதவை உதைத்துத் திறந்து, மழையில் திராட்சைத் தோட்டத்துப் படியில் ஏறினேன்.

எவ்வளவு உயரம் ஏறினேன் என்று தெரியாது. கூரைகள் எனக்குக் கீழே இருந்தன. நெஞ்சு எரிந்தது. அப்போது சரக்கு ரயில் வருகிற சத்தம் கேட்டது. தண்டவாளத்தைப் பார்த்தேன், ரயில் இல்லை. சத்தம் மலைக்குப் பின்னாலிருந்து, ஓடை வருகிற பிளவுக்குள்ளிருந்து வந்தது. முதலில் மரம் வந்தது. முழு மரம், வேரோடு, நின்றபடியே நடந்து வந்தது. அப்புறம்தான் தண்ணீர். தண்ணீர் என்று சொல்ல முடியாது, காபி நிறத்தில் கல்லும் மண்ணும் சேர்ந்து உருண்டது. வாய்க்காலை மூடியிருந்த கற்கள் தெருவில் வெடித்துக்கொண்டு எழும்பின. நின்ற கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கண்ணாடி நொறுங்கியது. ஒரு வீட்டு முன்சுவர் சட்டையைக் கழற்றுவது போல அப்படியே விழுந்தது.

எங்கள் வீட்டு வாசலில் அண்ணன் நின்றான். வாசல் கொஞ்சம் மேடு, தண்ணீர் அப்போது அவன் முழங்காலுக்கு இருந்தது. இரண்டு கையையும் வாயில் குவித்துத் தெருவின் அந்தப் பக்கம் கத்தினான், இந்தப் பக்கம் கத்தினான். என்னைத்தான் தேடினான். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் பேக்கரிக்காரர் வெர்னர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக் கயிற்றை நீட்டினார். நான்கு எட்டுத்தான் இருக்கும். அண்ணன் கயிற்றை ஒரு கையால் பிடித்தான்.

அப்போது சங்கு ஊதியது.

அண்ணன் கயிற்றை விட்டான். வெர்னரைப் பார்த்து விரலால் கீழே காட்டினான். திரும்பி வீட்டுக்குள் ஓடினான்.

எங்கே ஓடுகிறான் என்று அந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். "நான் மேல இருக்கேன்! லோகாண்ணே! மேல இருக்கேன்!" என்று கத்தினேன். தொண்டையில் ரத்தச் சுவை வந்தது. சங்கும் தண்ணீரும் என் குரலைத் தின்றன. படியில் ஓடி இறங்கினேன். கடைசிப் பதினைந்து படி இல்லை. அங்கே தண்ணீர் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே, சமையலறை ஜன்னலை உள்ளிருந்து வந்த தண்ணீர் வெளியே தள்ளி உடைத்தது.

8

மறுநாள் காலையில் வெர்னரும் தீயணைப்பு ஆட்களும் நிலவறைச் சேற்றை வாளி வாளியாக எடுத்தார்கள். உருளைக்கிழங்கு ரேக்குக்குப் பின்னால், நான் முதல் தடவை போய் விழுந்த அதே மூலையில் அண்ணன் இருந்தான். ஒரு கை ரேக்குக்கு அடியில் நுழைந்திருந்தது. துழாவியிருக்கிறான்.

வெர்னர் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். பெரிய உடம்பு, அழுதால் குழந்தை மாதிரி மூக்கொழுகும். "ஏன் கீழே போனான்? சங்கு ஊதினால் மேலே போக வேண்டும். இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஏன்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். எனக்குப் புரிந்தது.  எங்கள் ஊரில் கல் மேலிருந்துதான் வரும், கீழேதான் ஒளிவோம் என்று சொல்ல, நான் போகாத அந்த வகுப்புக்குப் போயிருக்க வேண்டும்.

போலீஸ் ஒரு தாள் கொடுத்தது. கடைசியாக அவரைப் பார்த்தது யார், எந்த நிலையில் பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தது. "நான்" என்று எழுதினேன். இரண்டாவதற்கு, எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒரே பதில் "குட்". நல்லபடியாக இருந்தான். கையெழுத்தும் போட்டேன்.

சவப்பெட்டியோடு நானும் ஊருக்கு வந்தேன். அம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லி மண்டையால் முட்டினார். திறந்தபோது அழவில்லை. கட்டை விரலால் அண்ணன் உதட்டைத் தடவினார்.

"இது என்னாடா?"

"கல்லு அடிச்சிருச்சும்மா. வெள்ளத்துல."

அம்மா என் கையைப் பார்த்தார். விரல் முட்டியில் எனக்கும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "சாப்ட்டானா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டான், கோழி பெரட்டல், ரெண்டு தடவை வாங்கித் தின்றான், என்னைப் பார்த்துச் சிரித்தான் என்றேன். ஒரு பொய்யைச் சொல்லப்போய் நாலு சொன்னேன்.

9

இன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா கூப்பிட்டார். அங்கே மாலை ஆறு. படத்துக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, இலை போட்டிருந்தார். இலையில் ஒரு மூலை காலியாக இருந்தது.

"சொல்லுடா. எடம் விட்டு வெச்சிருக்கேன். என்னா வெக்கட்டும்?"

நான் வாயைத் திறந்தேன். சங்கு ஊதியது. மாதச் சோதனை. ஒரு நிமிஷம் முழுதாக ஊதும். என் கால் பழக்கத்தில் நிலவறைப் படிக்குப் போய் நின்றது. ஒரு வருஷமாக அந்தக் கதவை நான் திறந்ததில்லை, வைன் வேண்டுமென்றால் ராணி அக்காதான் இறங்குவார். "தொட்டி!" என்று அடுப்புப் பக்கம் யாரும் கத்தவில்லை.

"என்னாடா சத்தம்? குவாரி சங்கு மாரி இருக்கு?"

"அதேதாம்மா. அன்னிக்கும் இதான் ஊதுச்சு" என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. கடிதம், அறை, அப்பா பெயரைச் சொல்லிக் கேலி செய்தது, கை தொங்கியிருந்தவனைக் குத்தியது, தட்டு விழுந்தது, தேடாதே என்றது, தொட்டிக்குப் போய் அவன் என்னைத் தேடினது. எல்லாவற்றையும் சொன்னேன். சங்கு நின்றது தெரியாமல் நான் கத்திக்கொண்டிருந்தேன். ராணி அக்கா கையில் கரண்டியோடு அப்படியே நின்றார்.

அம்மா குத்துவிளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு கேட்டார். "முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேம்மா."

"கல்லு அடிச்ச ஒதடு எது, கை அடிச்ச ஒதடு எதுன்னு எனக்குத் தெரியாதா? ஒங்கப்பன்கூட இருவது வருசம் குடும்பம் நடத்துனவடா நான். பெட்டியத் தொறந்த அன்னிக்கே தெரியும்."

"அப்ப கனவு?"

"கனவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீயா சொல்லணும்னுதான் கேட்டேன். ஒரு வருசம் எடுத்துக்கிட்ட. என் புள்ளைக்குக் கருமாதியில பொய்யச் சமச்சுப் போட வெச்சிட்டியேடா, பாவி!" போனைக் கையால் அறைந்தார். திரை கூரையைக் காட்டியது. அம்மா அழுவது மட்டும் கேட்டது. பெட்டி வந்த அன்றைக்கு அழாத அழுகை. நான் போனை வைக்கவில்லை. அவர் என்னைத் திட்டிய வார்த்தைகளை எழுத மாட்டேன். அத்தனையும் எனக்குச் சேர வேண்டியவைதான்.

அப்புறம் அம்மா போனை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார். "கடைசியா என்னாதான் கேட்டான்?"

"அவனுக்குன்னு ஒண்ணும் கேக்கலம்மா. என்னத்தான் சோறு தின்னுட்டுப் போடான்னான்."

"அப்ப தின்னு" என்றார் அம்மா. "நெத்திலி இருக்கா அங்க? கிண்டு. நானும் இங்க கிண்டி இந்த மூலையில வெக்கிறேன். நீ அவனத் தேட விட்ட எடத்துலயே போயி உக்காந்து தின்னு. ஒரு பருக்கை மிச்சம் வெக்கக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குதும்மா."

ராணி அக்கா வெங்காயத்தை உரித்துக் கொடுத்தார். நெத்திலியை வறுத்தேன், மிளகாய் விழுதைப் போட்டுக் கிளறினேன். ஒரு வருஷமாக அந்த வாசனை இந்தச் சமையலறையில் வந்ததில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து படி இறங்கினேன். சுவரில் சேறு நின்ற கோடு கூரைக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. புது ரேக் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் அந்த மூலையில் உட்கார்ந்து தின்றேன். கண்ணீரும் சளியும் காரமும் எல்லாம் சேர்ந்து இறங்கின. மேலே ஒரு சரக்கு ரயில் போய்ச் சுவர் அதிர்ந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு என் காதை நானே பொத்திக்கொண்டு நூறு எண்ணினேன். நூறு முடிந்தது. யாரும் கையை எடுத்துவிடவில்லை. நானாகத்தான் எடுத்தேன், நானாகத்தான் ஏறி வந்தேன்.

இதைப் படித்து முடித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, கோயிலோ பள்ளிவாசலோ மாதா கோயிலோ, எங்கள் அண்ணனுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். லோகநாதன் என்று சொன்னால் போதும், அந்தக் கடிதங்களில் இருக்கிற பெயர் வேண்டாம். அவன் இன்னும் அந்த இருட்டில் கையை நீட்டித் துழாவிக்கொண்டிருக்கக் கூடாது. தம்பி மேலே இருக்கிறான், சோறு தின்றுவிட்டான், தேடினது போதும் என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். என் குரல் அன்றைக்கு எட்டவில்லை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்.